என் பெயரில் இன்னொருத்தியின் கடன்

அந்த வீட்டைப் பார்த்த அன்றே என் வீட்டுக்காரர் மனசால் அதில் குடியேறிவிட்டார். டல்லாஸுக்கு வடக்கே ஒரு பழைய வீடு. கராஜ் கதவு பாதி இறங்கியதும் நின்று யோசிக்கும். பின்வேலியில் இரண்டு பலகையைக் காணோம். ஆனாலும் கிழக்குப் பார்த்த வாசல், மகளின் ஹைஸ்கூலுக்கு நடந்தே போய்விடலாம், விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அபார்ட்மென்ட் மாற்றி அபார்ட்மென்ட் என்று வாடகையிலேயே காலம் தள்ளியவர்கள் நாங்கள். காலையில் பூஜை மணியை ஆட்டினால் பக்கத்துச் சுவரை யாராவது தட்டுவார்கள். சொந்த வீடு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, மணியை முழுசாக அடிக்கலாம் என்பதுதான்.

அவர் சம்பளம் மட்டும் லோனுக்குப் போதவில்லை. நான் ஓர் எலிமென்டரி ஸ்கூல் கஃபெடீரியாவில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிற வேலையில் இருக்கிறேன். அந்தச் சின்னச் சம்பளத்தையும் சேர்த்தால்தான் நிற்கும் என்றார் லோன் ஆபீசர். மதுரைப் பக்கத்துப் பையன், எங்களை அண்ணா அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆக, என் பெயரும் லோனில் ஏறியது. ஏறிய மூன்றாம் நாள் அவரே போன் செய்தார்.

“அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு மெடிக்கல் கலெக்‌ஷன் உக்காந்திருக்கு. அது எந்திரிக்காம பேங்க்ல ஃபைல நகத்த மாட்டாங்க.”

ஆஸ்பத்திரிக்குக் கட்டாமல் விட்ட பணத்தை, வசூல் பண்ணித் தருகிற கம்பெனியிடம் ஆஸ்பத்திரி ஒப்படைத்துவிடுமாம். அது அப்படியே நம் பெயருக்குக் கீழே கறையாகப் படிந்துவிடுமாம்.

“அது எத்தன நாளைக்கு இருக்கும் தம்பி?”

“தானாப் போகணும்னா ஏழு வருஷம் ஆகும்க்கா.”

“ஏழரைச் சனியே தேவலாம் போலிருக்கேப்பா,” என்றார் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். “அதுக்காவது திருநள்ளாறு இருக்கு. இதுக்கு எங்க போயி எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது?”

வீட்டை விற்கிறவர்கள் மே மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் என்றால் வரிசையில் வேறு ஆள் நிற்கிறது. அப்போது சித்திரை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. என்னைப் பற்றி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே புதுச் செய்தி. அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, ஜாதகம் பார்ப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பெயர், அதன் வாலில் வீட்டுக்காரர் பெயர். நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டுகள் எல்லாம் கதவு எண்ணோடு வரிசையாக நின்றன. அதில் ஒன்றை நானே மறந்துபோயிருந்தேன். கரப்பான் தொல்லை தாங்காமல் காலி பண்ணிய வீடு. மளிகைக்கு வைத்திருக்கும் கார்டில் ஒவ்வொரு மாதமும் நேரத்துக்குக் கட்டிவிட்டாள் என்று பச்சைக் குறிகள். பெற்றவர்கள்கூட என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் குறித்து வைத்ததில்லை. கடைசிப் பக்கத்தில்தான் அது இருந்தது. கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனியின் பெயர், என் ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை, ‘மருத்துவம்’ என்று ஒரு சொல். எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி, ஒன்றும் இல்லை.

“நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில போயிப் படுத்தது ஒரே ஒரு தடவதானேங்க? சஷ்டி விரதத்துல மயங்கி விழுந்தப்ப.”

“அன்னிக்கு நான்தானே இன்சூரன்ஸ் கார்டக் குடுத்தேன். அவங்க காப்பி எடுத்தத நீயும்தான் பாத்த. அதெல்லாம் முடிஞ்சுபோன கத,” என்றார்.

நானும் பார்த்ததுதான். அதனால் அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை காலையில் அந்த வசூல் கம்பெனிக்குப் போன் போட்டோம். ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சொன்னேன். ஆமாம், இந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்றாள். பிறந்த தேதியைக் கேட்டாள். லைசென்ஸில் உள்ளபடி ஜூன் மாதத் தேதியைச் சொன்னேன்.

“மன்னிக்க வேண்டும். எங்களிடம் உள்ளதோடு பொருந்தவில்லை. கணக்குக்கு உரியவரிடம் மட்டும்தான் நாங்கள் பேசலாம்.”

“என் ரிப்போர்ட்டில்தானே இதைப் போட்டிருக்கிறீர்கள்?”

“ஆமாம் மேடம்.”

“அப்போ பணம் நான்தானே கட்டவேண்டும்?”

“கட்டுவதானால் வாங்கிக்கொள்கிறோம்.”

“எதற்கான பணம்?”

“அதை அவரிடம்தான் சொல்ல முடியும்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் போனை வைத்ததும் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. “பணம் கட்டுறதுக்கு நீ ஆளு. விவரம் கேக்குறதுக்கு நீ ஆளில்ல! நல்ல நாடும்மா இது.” பிறகு தெளிவாகிவிட்டார். “விஷயம் முடிஞ்சுது. உன் பேர்ல வேற எவளோ. ஆள் மாறி உன் தலையில ஏத்திட்டாங்க. ரிப்போர்ட் கம்பெனிக்கு, ‘இது நான் இல்ல’ன்னு டிஸ்ப்யூட் போட்டாப் போயிரும். திங்கக்கிழமை உக்காந்து போட்டுடறேன்.”

எனக்கும் நிம்மதிதான். ஆனால் மனசு அந்த இன்னொருத்தியை விட்டு நகர மறுத்தது. என் பெயரையே வைத்துக்கொண்டு, இந்த ஊரிலேயே, ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டமுடியாத ஒருத்தி. எங்கே பிறந்தாளோ, எதற்காகப் படுத்தாளோ? கூட யாராவது இருந்தார்களா? தேறிவிட்டாளா? அவள் கடனை அவள் தலையிலேயே திருப்பிப் போடப் போகிறோமே என்று ஒரு மாதிரியாகவும் இருந்தது. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது என்று அந்த முழுநாளும் அவள் என்கூடவே இருந்தாள்.

மறுநாள் கிருத்திகை. மாதா மாதம் கிருத்திகைக்கு நான் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. எங்கள் பேருக்கு அர்ச்சனை முடிந்ததும் குருக்களிடம் இன்னொரு சீட்டை நீட்டினேன்.

“இதுவும் உங்க பேர்தானேம்மா?”

“எம் பேர்தான் சாமி, ஆனா நான் இல்ல. இன்னொரு அம்மா. உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தாங்க.”

“நட்சத்திரம்?”

“தெரியாது சாமி.”

“பிறந்த தேதியாவது சொல்லுங்கோ, பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்றேன்.”

“அதுவும் தெரியாது. ஜூன் இல்லைன்னு மட்டும் தெரியும்.”

குருக்கள் குங்குமத் தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “நீங்களுந்தான் ஜூன் இல்லையே. தைக் கிருத்திகைல ஜனிச்சேன்னு சொல்லித்தானே வருஷா வருஷம் அபிஷேகத்துக்குக் கட்டறேள்?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இரண்டு பிறந்தநாள் உண்டு. ஒன்று பிறந்த நாள். இன்னொன்று பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த நாள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார், தொட்டுவிட்டேன். ஆனால் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், எனக்கு இன்னும் நிறையவில்லை. அவர் ஐந்து நிறைந்துவிட்டதாகக் கணக்கு வருகிற மாதிரி ஜூன் முதல் வாரத்தில் ஒரு தேதியை எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்த ஒரு வாரத்திலேயே பிறந்தவர்கள். அந்தத் தேதிதான் பிறகு மார்க் ஷீட், பாஸ்போர்ட், விசா, கிரீன் கார்டு என்று என்னோடு கடல் தாண்டி வந்தது. நிஜத் தேதி தை மாதத்தில், இங்கிலீஷுக்கு ஜனவரிக் கடைசி. அதைச் சாமியிடம் மட்டும்தான் சொல்லுவேன்.

சாமியிடம் மட்டும்தானா என்பதுதான் இப்போது கேள்வி.

மயங்கி விழுந்ததும் இதே மண்டபத்தில்தான். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷ ஐப்பசி. கந்த சஷ்டியின் கடைசி நாள். ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்துவிட்டு, அன்று பாலையும் விட்டிருந்தேன். சாயங்காலம் சூரசம்ஹாரத்துக்காக அட்டையில் செய்த சூரன் தலைகளைக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் சிங்கத் தலையைப் பார்த்தது வரைக்கும் நினைவிருக்கிறது. கோயில் சமையல்கட்டில் என்னோடு வேலை செய்கிற ஓர் ஆன்ட்டிதான் தன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். கைப்பை, லைசென்ஸ் எல்லாம் என் காரிலேயே பூட்டிக் கிடந்தது. கவுண்டரில் என்னென்னவோ கேட்டார்கள், நான் என்னென்னவோ சொன்னேன். வீட்டுக்காரர் கார்டோடு வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். கார்டில் பெயரும் நம்பரும் இருக்கும். பிறந்த தேதி இருக்காது.

கோயில் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். வசூல் கம்பெனிக்குப் போன் போடலாம் என்று எடுத்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும் என்பது உறைத்தது. திங்கட்கிழமை கஃபெடீரியாவில் பிரேக் விட்டதும் வெளியே வந்து போன் போட்டேன். இந்தத் தடவை ஓர் ஆண் குரல். பிறந்த தேதி என்றார். தைக் கிருத்திகையை ஜனவரியாக்கிச் சொன்னேன்.

“நன்றி மேடம். சரிபார்த்துவிட்டேன். எமர்ஜென்சி ரூம் கட்டணம்.” ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். சஷ்டி நாளைச் சொன்னார். வைத்திருந்த விலாசத்தையும் படித்தார். அது நாங்கள் அப்போதுதான் காலி பண்ணியிருந்த பழைய அபார்ட்மென்ட். புதுக் கதவு எண் வாயில் பழகாத நாள் அது. பில்லும், எச்சரிக்கைக் கடிதங்களும் எல்லாமே அந்தக் கதவுக்கே போயிருக்கின்றன.

நேற்று நான் அர்ச்சனை பண்ண நினைத்தது எனக்கேதான்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்து டிஸ்ப்யூட் படிவத்தைப் பாதிவரை பூர்த்தி செய்துவிட்டிருந்தார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

“வெயிட். ஜூன் பர்த்டே ஃபேக்கா?”

“ஃபேக் இல்லடி. ஸ்கூல்ல குடுத்தது.”

“ஐ மேட் யூ எ கேக். எவ்ரி இயர்!”

“கேக் நல்லாத்தான் இருந்துச்சு.”

“தட்ஸ் நாட் த பாயிண்ட், அம்மா.” கொஞ்ச நேரம் என்னைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஸோ யூ ஆர் அன் அக்வேரியஸ்?”

“ரிஷப ராசி.”

அவள் அப்பா நாங்கள் பேசியதைக் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இதுவும் நல்லதாப் போச்சு,” என்றார்.

“எப்படி?”

“கம்ப்யூட்டர் கணக்குப்படி அவ வேற, நீ வேற. தேதி பொருந்தல. ‘இந்தக் கணக்கு என்னுடையது அல்ல’ன்னு இதோ பட்டன் இருக்கு. அமுக்கினா அவங்களே தூக்கிருவாங்க.”

“ஆனா அது நான்தானேங்க?”

“அது நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

“முருகனுக்குத் தெரியுமே.”

“முருகனா லோன் குடுக்கறாரு?” என்று கேட்டவர், கேட்ட வேகத்தில் அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் சிரிப்பை அடக்க நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. இன்சூரன்ஸ் இருக்கிறது, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், கார்டும் கொடுத்தோம். தப்பு நம்முடையது என்று சொல்ல முடியாது. மே கடைசிக்குள் வேலை நடக்கவேண்டும். எனக்கு மட்டும் அந்த வீடு வேண்டாமா? சுவாமி மேடையை எந்த மூலையில் வைப்பது என்றுகூட முடிவு பண்ணியிருந்தேன். ஆனால் அந்தப் பட்டனில் எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் குளிரில் எனக்குப் பல் கிட்டித்துப்போய்விட்டது. ஒரு நர்ஸ், இரும்புப் பெட்டி போல ஒன்றைத் திறந்து அதிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்தாள். இட்லிப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி சூடாக இருந்தது. கழுத்துவரை போர்த்தி, காலடியில் செருகி, எதற்காகச் சாப்பிடாமல் இருந்தாய் என்று கேட்டாள். சாமிக்காக என்றேன். “உன் சாமி நீ சாப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்,” என்று ஆப்பிள் ஜூஸில் ஸ்ட்ராவைப் போட்டு வாயருகே பிடித்தாள். அந்த ஜூஸில்தான் என் விரதம் முடிந்தது.

“அந்தக் கட்டில்ல படுத்திருந்தது நான். அந்தப் போர்வை என் மேல கிடந்துச்சு. அது நான் இல்லன்னு எப்படி எழுதறது?” என்றேன். “அதோட, அவங்ககிட்ட நான் பொய் சொல்லலையே. எங்கம்மா பெத்த நாளத்தானே சொன்னேன். தைக் கிருத்திகையில பொறந்தவ நான் இல்லன்னு என்னையவே எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?”

  லேப்டாப் திரை தானாக இருண்டுபோனது. கடைசியில், “சரி, உன் வழியிலயே போயிப் பாரு. வீடு கைவிட்டுப் போச்சுன்னா அந்தச் சூரன் தலையில ஒண்ண வாங்கிட்டு வந்து அபார்ட்மென்ட் வாசல்ல மாட்டிட்டு இருந்துடுவோம்,” என்றார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியின் பில்லிங் ஆபீசுக்கு நேரிலேயே போனேன். போனில் சொன்னால் என் இங்கிலீஷில் இந்தக் கதை பாதியில் அறுந்துபோகும் என்று தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார். லைசென்ஸை நீட்டினேன்.

“எனக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கிறது,” என்று ஆரம்பித்தேன்.

“அதிர்ஷ்டக்காரி,” என்றார். “எனக்கு இருக்கிற ஒன்றையே யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.”

எல்லாவற்றையும் சொன்னேன். காதைத் தொட்டுக்கூடக் காட்டினேன். அவரும் கையைத் தலைக்கு மேலே போட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரில் தேடினார். நான் இரண்டு பேராக இருந்தேன். ஜூனில் பிறந்தவள் ஒருத்தி. ஒருமுறை மார்புப் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள், இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறது, பாக்கி இல்லை. ஜனவரியில் பிறந்தவள் இன்னொருத்தி. ஒரே ஒரு நாள் வந்திருக்கிறாள். அவள் பெயருக்கு நேராக இன்சூரன்ஸ் கம்பெனி, ‘இப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. கார்டு நம்பர் சரி, தேதி வேறு என்பதால்.

“அவளைப் பற்றி வேறு என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அவர் படித்தார். “மதம், இந்து. ஒவ்வாமை, எதுவும் இல்லை. வந்த காரணம், மயக்கம், பட்டினி. அவசரத்துக்குக் கூப்பிடவேண்டியவர்…” என் வீட்டுக்காரர் பெயரைத் தடுமாறிப் படித்தார். ஜூன்காரியின் பக்கத்தில் மதம் என்ற இடம் காலியாக இருந்ததாம்.

இரண்டு பேரையும் ஒருத்தியாக்க ஒரு படிவம் கொடுத்தார். எல்லாவற்றையும் எழுதிக் கடைசி வரிக்கு வந்தேன். ‘நான் வாய்மொழியாகக் கொடுத்த பிறந்த தேதி தவறானது.’ பேனா நின்றுவிட்டது.

“என்ன ஆயிற்று?”

“தவறு இல்லையே. அதுதான் சரியான தேதி.”

“அப்படியானால் லைசென்ஸில் இருப்பது?”

“அது… அரசாங்கத்துக்குச் சரி.”

கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டார். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். “எனக்கு வேண்டியது இரண்டும் ஒரே ஆள் என்கிற ஒரு கையெழுத்து. அந்த வரியை அடித்துவிட்டு உனக்கு எது உண்மையோ அதை எழுது, கண்ணு,” என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். சொன்ன தேதி நான் பிறந்த தேதி. லைசென்ஸில் இருப்பது சட்டத்துக்கான தேதி. இரண்டும் நான்.

அவர் அதைப் படித்துவிட்டு ஒரு முத்திரை குத்தினார். பிறகு விளக்கினார். ஆஸ்பத்திரி முதல் தடவை நேரத்துக்குத்தான் இன்சூரன்ஸுக்கு அனுப்பியிருக்கிறது, அதனால் இப்போது தேதியைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். வசூல் கம்பெனியிடமிருந்து கணக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் போக நோயாளி கட்டவேண்டிய பங்கு கொஞ்சம் இருக்கும், அது பிறகு தெரியும். கணக்கு திரும்ப வாங்கப்பட்டது என்று எழுதி லோன்காரருக்குக் கொடுக்க ஒரு கடிதம், அதற்கு ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம் இரண்டு வாரம் ஆனது. அதற்கிடையில் வீட்டுக்கு வேறு யாரோ கூடுதல் விலை கேட்டு வந்திருப்பதாகச் செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். “இன்னிக்குக் கராஜ் கதவு முழுசா இறங்கியிருந்துச்சு. வித்துட்டாங்களோ என்னமோ,” என்பார். என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பேசாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனதுதான் உறுத்தியது. பட்டனை அமுக்கியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமோ என்று எனக்கும் வந்துபோனது. விளக்கேற்றும்போது, “உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது தப்பா முருகா?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. என் பங்குத் தொகையும் கூடவே வந்திருந்தது. நாங்கள் பயந்ததில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அன்றைக்கே கட்டினேன். லோன் ஆபீசர் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அவசரமாகத் திருத்தச் சொல்லிக் கேட்க பேங்க் மூலமாக ஒரு வழி இருக்கிறது, அதில் தள்ளுகிறேன் என்றார். அடுத்த வாரம், நான் தலைக்கு வலை போட்டுக்கொண்டு, கையுறையோடு, பிள்ளைகள் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலை அள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கக்கூடாது. எடுத்தேன்.

“அக்கா, போயிருச்சு!”

“வீடா?” என் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஐயோ, இல்லக்கா! கலெக்‌ஷன் போயிருச்சு. வீடு உங்களுக்குத்தான்.”

வரிசையில் நின்ற ஒரு பிள்ளைக்கு இரண்டு கரண்டி வறுவல் விழுந்துவிட்டது. அவன் திருப்பித் தரவில்லை.

புது ரிப்போர்ட்டையும் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் அடித்த கோடு இல்லை, திருத்தம் இல்லை, இருந்த அடையாளமே இல்லை. கரப்பான் வீடுகூட இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் இப்போது நான் ஒருத்திதான், ஜூன்காரி. சந்தோஷப்பட்டுக்கொண்டே ஒன்றை நினைத்தேன். இந்த நாட்டில் என் நிஜமான பிறந்தநாள் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தக் கடன்தான். தைக் கிருத்திகையில் பிறந்தவள் கடன்காரியாக இருந்தவரைக்கும் இங்கே இருந்தாள், கடன் தீர்ந்ததும் போய்விட்டாள். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் பேப்பரை மடித்து வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போனோம். நீளமான மேஜை, கல்யாணப் பத்திரிகைக் கட்டு உயரத்துக்குக் காகிதம். கையெழுத்து வாங்குகிற அம்மா எங்கள் லைசென்ஸ்களை வாங்கிச் சரிபார்த்தார். என்னுடையதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, அடுத்த வாரம் உங்கள் பிறந்தநாள்! வீடே பரிசாக வருகிறதா?”

என் வீட்டுக்காரர் மேலே ஓடும் ஃபேனைக் கவனிக்க ஆரம்பித்தார்.

“ஆமாம்… அதாவது, அந்தத் தேதி வந்து…” என்று நான் வாயைத் திறந்தேன். ஒரு வரிக்காக இத்தனை தூரம் அலைந்துவிட்டு இங்கே சும்மா தலையாட்டினால் அது என்ன கணக்கில் சேரும்? சிரித்த முகத்தோடு வாழ்த்துகிற ஒருவரிடம் தாங்க்ஸ் சொல்வது பொய்யா? அவர் பேனாவை நீட்டியபடி ஆவலாகக் காத்திருந்தார்.

மேஜைக்கு அடியில் என் காலை ஒரு செருப்பு மெதுவாக மிதித்தது.

“கையெழுத்தப் போடு தாயே,” என்றார் என் வீட்டுக்காரர் தமிழில், அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. “இந்தம்மாவுக்கும் காதத் தொட்டுக் காட்ட ஆரம்பிச்சிராத.”

“தேங்க் யூ,” என்றேன். போட்டேன்.